உயிர் போன இடம் ஒன்று, உடல் அடங்கிய இடம் ஒன்று

தமிழ்நாட்டில் பெரியவர்கள் மறைந்த இடங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு வழி சொல்ல ஆள் கிடையாது. கோயிலுக்குப் போனால் நடை எப்போது சாத்துவார்கள் என்று வாசலில் பூ விற்கிற அம்மாவே சொல்லிவிடுவார். நினைவிடம் என்றால், சாவி யாரிடம் இருக்கிறது என்பதே அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. துணைக்கு ஆள் இல்லாமல் அலைந்து, வாடகைக் கார் பணமும் எடுத்த விடுப்பும் வீணாகி, பூட்டிய கேட்டின் முன்னால் ஆற்றாமையோடு நின்ற பிறகுதான் இதில் பலதும் புரிகிறது. அடுத்துப் போகிறவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம். சென்னையில் தொடங்கித் தெற்கே போகிற வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த இடம் வேண்டும் என்பதை. ஒருவர் மறைந்தால் இடம் ஒன்றோடு முடிவதில்லை. உயிர் போன இடம் வேறு, எரித்த அல்லது புதைத்த இடம் வேறு, பிற்பாடு அரசு மண்டபம் கட்டிய இடம் வேறு. காமராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975 அக்டோபர் 2 அன்று அவர் மறைந்தது தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில். எரியூட்டியது கிண்டியில், காந்தி மண்டபத்தை ஒட்டி. பிறந்த வீடு விருதுநகரில். கன்னியாகுமரியில் வேறொரு மணிமண்டபம். ஆட்டோவில் ஏறிக் 'காமராஜர் நினைவிடம்' என்றால் கிண்டிக்குத்தான் போகும். அவர் கடைசியாகக் கண் மூடிய வீட்டைப் பார்க்க வந்தவருக்கு அரை நாள் போச்சு. அதனால் பெயரை விட்டுவிட்டுத் தெருப் பெயரைச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் திருமலைப் பிள்ளை சாலை வீட்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அவர் எப்படி வாழ்ந்தார் என்பது அந்த அறைகளில் இருக்கிறது. கிண்டியில் அது தெரியாது.

பாரதி விஷயத்திலும் இதே குழப்பம்தான். எட்டயபுரத்தில் இருப்பது பிறந்த வீடும் மணிமண்டபமும். அவர் இறந்தது சென்னை திருவல்லிக்கேணியில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில். பார்த்தசாரதி கோயில் யானை தள்ளியதில் அன்றே இறந்துவிட்டார் என்று பலர் நம்பிக்கொண்டு வருகிறார்கள். அது உண்மையில்லை. யானை சம்பவத்துக்குச் சில மாதங்கள் கழித்து, வயிற்று நோய் கண்டு, 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. அதனால்தான் நினைவு நாள் சில இடங்களில் 11 என்றும் சில இடங்களில் 12 என்றும் இருக்கும். அரசு மகாகவி நாளாக அனுசரிப்பது 11. அன்று காலை மாலை மரியாதை முடியும்வரை வீட்டுக்குள் நிதானமாக நிற்க முடியாது. மதியத்துக்கு மேல் போங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் குறுகல். காரை எடுத்துக்கொண்டு போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பது எவ்வளவோ மேல்.

மெரினாவில் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி நால்வருமே அடுத்தடுத்து அடங்கியிருப்பதால் இடத்தைத் தேட வேண்டியதில்லை. நாளைத்தான் பார்க்க வேண்டும். பிப்ரவரி 3, ஆகஸ்ட் 7, டிசம்பர் 5, டிசம்பர் 24 ஆகிய நான்கு நாளும் ஊர்வலங்களும் போக்குவரத்து மாற்றமுமாகக் காமராஜர் சாலை நிறைந்துவிடும். டிசம்பர் 24 இன்னும் நெருக்கடி. 1987-இல் எம்.ஜி.ஆர். மறைந்ததும் அன்றுதான், 1973-இல் வேலூர் மருத்துவமனையில் பெரியார் மறைந்ததும் அன்றுதான். பெரியாரின் உடல் அடங்கியிருப்பது வேப்பேரி பெரியார் திடலில். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் அந்தத் தேதியைத் தவிருங்கள். தொண்டராக அஞ்சலி செலுத்த வருகிறவருக்கு அதுதான் நாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படித்துப் பார்க்க, நின்று யோசிக்க வருகிறவர் வேறொரு வாரநாள் காலையில் வரட்டும். கருணாநிதி நினைவிடத்தின் நிலவறை அருங்காட்சியகத்துக்கு மட்டும் முன்பதிவு உண்டு. நேரே போய் வரிசையில் நிற்கலாம் என்று கிளம்பாதீர்கள்.

போனால் ஒன்றுமே இல்லாத இடங்களும் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணிதமேதை ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தது சேத்துப்பட்டில். அங்கே உள்ளே போய்ப் பார்க்க நினைவில்லம் எதுவும் கிடையாது. அவர் வளர்ந்த வீடு கும்பகோணத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. போகிறவர் அங்கேதான் போக வேண்டும். மனது கேட்காமல் சேத்துப்பட்டுத் தெருக்களில் சுற்றி, தனியார் வீட்டு வாசல்களில் எட்டிப் பார்ப்பது குடியிருப்பவர்களுக்குத் தொல்லை.

ஸ்ரீபெரும்புதூர் இதற்கு நேர் எதிர். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்திலேயே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில், ஏழு தூண்களோடு பெரிய நினைவகம் இருக்கிறது. தகனம் நடந்தது டெல்லி வீர பூமியில். இங்கே இருப்பது சம்பவ இடம். தொலைதூரப் பேருந்தில் ஏறினால் நினைவகம் அருகே நிறுத்துவார்களா என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். எதிர்ப்புறம் இறக்கிவிட்டால் கனரக வண்டிகள் பறக்கிற சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாதீர்கள். கொஞ்சம் நடந்தாலும் பரவாயில்லை, சிக்னலோ சுரங்கப்பாதையோ உள்ள இடம் பார்த்துக் கடந்து வாருங்கள். மே 21 அன்று முக்கியப் பிரமுகர்கள் வந்து போகும்வரை பொதுமக்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அன்று அக்கினி நட்சத்திர வெயிலும் சேர்ந்துகொள்ளும். குடையும் தண்ணீரும் இல்லாமல் வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

இதுவரை சொன்னது ஆங்கிலத் தேதிக் கணக்கு. ஆன்மிகப் பெரியவர்களுக்கு அது செல்லாது. ரமணர் மறைந்தது 1950 ஏப்ரல் 14. ஆனால் திருவண்ணாமலை ஆசிரமத்தில் ஆராதனை சித்திரை மாதத் தேய்பிறைத் திரயோதசியில் நடக்கும். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. திருவையாற்றில் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளில் வரும். அது சில ஆண்டு ஜனவரியில் விழும், சில ஆண்டு பிப்ரவரிக்குப் போகும். தேதியை நம்பி ரயில் டிக்கெட் எடுத்தால், போய்ச் சேரும்போது பந்தல் பிரித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது போட ஆரம்பித்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகே பயணச்சீட்டு. வடலூர் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வள்ளலார் 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டது வடலூரில் அல்ல, பக்கத்திலுள்ள மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில். தைப்பூசத்தன்று ஜோதி தரிசனம் வடலூரில். திருஅறை தரிசனம் அதற்கு இரண்டு நாள் கழித்து மேட்டுக்குப்பத்தில். பூசத்தோடு ஊர் திரும்பிவிட்டால் அந்த அறை கிடைக்காது. அவர் உடல் மறைந்ததைச் சாவாக அவருடைய அன்பர்கள் கருதுவதில்லை. அங்கே நின்று சாவைப் பற்றிப் பேசி அவர்களை நோகடிக்க வேண்டாம்.

தேதி நகர்வதற்கு நல்ல எடுத்துக்காட்டு சங்ககிரி. தீரன் சின்னமலை அங்கே தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31, அதாவது அந்த ஆண்டு ஆடி 18. இப்போது ஆடி 18 வருவது ஆகஸ்ட் 2 அல்லது 3. தமிழ் ஆண்டு விண்மீன்களை வைத்துக் கணக்கிடுவது, ஆங்கில ஆண்டு பருவங்களை வைத்து. இரண்டுக்கும் 70 ஆண்டுக்கு ஒரு நாள் போல இடைவெளி விழுகிறது. 200 ஆண்டில் மூன்று நாள் தள்ளிப்போய்விட்டது. ஊரில் மாலை போடுவது ஆடிப்பெருக்கு நாளில். அதே நாளில் பவானி, மேட்டூர், ஈரோடு என்று காவிரிக்கரை முழுக்கக் கூட்டம். அன்று சேலத்திலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ பேருந்தில் உட்கார இடம் கிடைக்காது, நின்றுகொண்டுதான் வரவேண்டும். ரயிலில் வருவதானால் நிலையத்தின் பெயர் சங்ககிரி துர்க். அது ஊரை விட்டுத் தள்ளியிருக்கிறது, ஆட்டோ உடனே கிடைக்கும் என்று நம்ப முடியாது. மலைக்கோட்டையை முழுக்க ஏறிப் பார்த்து இறங்க அரை நாள் வேண்டும். கீழிருந்து பார்க்கச் சின்ன மலை போலத்தான் தெரியும். வாசல் வாசலாக ஏறிக்கொண்டே போகும்போதுதான் மூச்சு வாங்குவது தெரியும். மேலே குடிநீர் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள், பிடிமானம் உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். ஆடிக்காற்று வேறு மேலே தள்ளும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோட்டை என்பதால் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும், காலையிலேயே ஏறுவதுதான் சரி. மணிமண்டபம் வேண்டுமென்றால் அது சங்ககிரியில் இல்லை, ஈரோடு மாவட்டம் ஓடாநிலையில்.

அதிகம் பணமும் நேரமும் போகிற பகுதி சிவகங்கையும் ராமநாதபுரமும்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்டது திருப்பத்தூரில். இந்தப் பெயரில் தமிழ்நாட்டில் இரண்டு ஊர் இருக்கிறது. ஒன்று, 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான வடக்குத் திருப்பத்தூர். இன்னொன்று, காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர். இரண்டுக்கும் நடுவே ஒரு பகல் பயணம். ரயில் செயலியில் பெயரைப் போட்டால் வருவது வடக்கு ஊர்தான், ஏனென்றால் சிவகங்கைத் திருப்பத்தூருக்கு ரயிலே கிடையாது. ரயிலில் வருகிறவர் காரைக்குடியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். பேருந்து முன்பதிவிலும் மாவட்டப் பெயரைச் சரிபார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ரத்து செய்தால் முழுத்தொகை திரும்பாது.

அவர்கள் தூக்கிலிடப்பட்டது திருப்பத்தூர் என்றாலும், அடக்கமான இடம் காளையார்கோவில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. கோயிலைப் பார்த்தபடி அங்கே அடக்கம் செய்ததாகச் சொல்கிறார்கள். அக்டோபர் 24 நிகழ்ச்சி திருப்பத்தூரில், 27 அன்று குருபூஜை காளையார்கோவிலில். அது முடிந்த கையோடு பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை, 30-ஆம் தேதி வரை. அவர் பிறந்ததும் (1908) மறைந்ததும் (1963) அக்டோபர் 30 அன்றே. அதற்கு முன்பே செப்டம்பர் 11, 1957-இல் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனின் நினைவு நாள் பரமக்குடியில். ஆக செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் கடைசிவரை இந்தப் பகுதியில் எந்த நாளில் எந்தச் சாலை அடைபடும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. இரு மாவட்ட நிர்வாகமும் தடையுத்தரவு போடும். முன்பு 144 என்று சொன்னதுதான், இப்போது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு. அதில் வெளியூர்க்காரரைக் கவிழ்க்கிற விதி, நினைவிடத்துக்கு வாடகை வாகனத்தில் வரக்கூடாது என்பது. சொந்த வண்டி என்றாலும் காவல்துறையிடம் முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்கி, கண்ணாடியில் ஒட்டி, அவர்கள் சொன்ன வழியில்தான் போக வேண்டும். மஞ்சள் போர்டு காரில் போனவரைச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓட்டுநருக்கு முழுநாள் வாடகை கொடுத்தே ஆக வேண்டும், அவர் மேல் தப்பில்லை. சாவடியில் நிற்கிற காவலர்களோடு வாதாடியும் பயனில்லை, அவர்களுக்கு உத்தரவு அப்படி. மாலைக்குப் பிறகு பேருந்துகளும் குறைந்து, கடைகளும் அடைத்துவிட்டால் தனியாக நிற்கிறவருக்கு வயிற்றைப் பிசைகிற பயம் வரும். எனக்கு வந்தது. வீராங்கனை வேலுநாச்சியாரின் மண்ணைப் பார்க்க ஆசையோடு வந்துவிட்டு, எப்படியாவது மதுரைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அதனால் என் கருத்து உறுதியானது. இந்த ஊர்களுக்கு நவம்பர் பாதிக்கு மேல், அல்லது ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். குருபூஜையில் கலந்துகொள்வதே நோக்கம் என்றால் உள்ளூர் ஆட்களோடு, அனுமதி வாங்கிய வண்டியில் மட்டும் போங்கள். அந்த நாட்களில் மதுரையிலிருந்து ராமேசுவரம் போகிறவரும் பரமக்குடி வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் சாலையை விட்டு ரயிலைப் பிடியுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் ராமேசுவரம் வரை போகிறது. கலாம் 2015 ஜூலை 27 அன்று மறைந்தது ஷில்லாங்கில். ஜூலை 30 அன்று அடக்கமானது ராமேசுவரம் பேய்க்கரும்பில். பள்ளிவாசல் தெருவில் உள்ள வீடு வேறு, பேய்க்கரும்பு வேறு. ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பேய்க்கரும்பு வந்துவிடும் என்பதால் வரும் வழியிலேயே முடித்துக்கொண்டால் ஆட்டோ காசு மிச்சம்.

அரசு நினைவிடம் எதற்குமே பொருந்துகிற ஒரு வேலையை இங்கே சொல்லிவிடுகிறேன். மணிமண்டபங்களும் நினைவில்லங்களும் பெரும்பாலும் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகத்திலும் அந்தத் துறையின் மாவட்ட அலுவலர் உண்டு. கிளம்புவதற்கு முந்தின வேலைநாளில் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். திறந்திருக்கிறதா, பராமரிப்பு வேலை நடக்கிறதா, மதியம் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று மூன்றே கேள்வி. வெள்ளையடிக்கிறோம், தளம் போடுகிறோம் என்று மாதக்கணக்கில் மூடிக்கிடப்பது சாதாரணம். அது எந்த வரைபடத்திலும் வராது. சின்ன ஊர் மண்டபங்களில் ஒரே காவலர்தான். அவர் சாப்பிடப் போனால் கேட்டும் பூட்டு. பன்னிரண்டரை மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

கயத்தாறு இதில் சுலபமான ஊர், பேருந்தைச் சரியாகப் பிடித்தால். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டது இங்கே. நடிகர் சிவாஜி கணேசன் இடம் வாங்கி நிறுவிய சிலையும், பிறகு அரசு கட்டிய மணிமண்டபமும் இருக்கின்றன. மதுரை–நெல்லை இடைநில்லாப் பேருந்துகள் நான்குவழிச் சாலையிலேயே போய்விடும். கோவில்பட்டிக்கும் நெல்லைக்கும் நடுவே நின்று நின்று போகிற பேருந்தில் ஏறுங்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்த்து 'இங்கேதான் தூக்கிலிட்டார்களா' என்று கேட்கிறவர்கள் நிறைய. அது அவர் ஆண்ட இடம். பழைய கோட்டையைக் கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், தரைமட்டமாக்கிவிட்டார்கள். இப்போது நிற்பது 1974-இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய அடித்தளம் பக்கத்தில் தனியாகப் பாதுகாக்கப்படுகிறது, அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பக்கத்திலேயே ஒட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த வீடு. அவர் 1936 நவம்பர் 18 அன்று மறைந்ததோ தூத்துக்குடியில். கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். அதற்கு மட்டும் கார் எடுத்தால் பணத்துக்குத் தகும். பேருந்து மாறி மாறிப் போனால் மூன்றாவதற்குப் போகும்போது இருட்டிவிடும்.

கடைசியாக வாஞ்சி மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று ரயில் பெட்டியில் இருந்த ஆட்சியர் ஆஷைச் சுட்டுவிட்டு, வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டது இந்த நிலையத்தில். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில். வாஞ்சியின் சொந்த ஊரான செங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. நிலையத்திலேயே பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். நிகழ்ந்த இடம் இது என்ற உணர்வோடு நிற்பதற்குத்தான் வருகிறோம். தூத்துக்குடிப் பாதை பிரிகிற சந்திப்பு என்றாலும் எல்லா விரைவு வண்டியும் நிற்காது. நெல்லையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ பயணிகள் வண்டியில் வந்து, திரும்பும் வண்டியின் நேரத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் சில மணி நேரம் வண்டியே இருக்காது, வெளியே ஆட்டோவும் அரிது. சாலை வழியாக வந்தால் நடைமேடைச் சீட்டு எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். எதிர் நடைமேடையிலிருந்து பெயர்ப்பலகையைப் படம் எடுக்க ஆசைப்பட்டுத் தண்டவாளத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. அபராதமும் உண்டு, ஆபத்தும் உண்டு. நடைமேம்பாலத்தில் ஏறிப் போய் எடுங்கள்.